படுத்திருக்கும் பாயை உதற முடியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அண்ணன் மகள் போன் செய்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"அத்தை, நம்ம கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. ராத்திரி ஓடிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. காலையில ஆன் பண்ணினா கறுப்பா வருது, அதுல வெள்ளை எழுத்துல என்னென்னமோ எழுதியிருக்கு. அப்பா கடைக்காரர்கிட்ட கேட்டாங்க. ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகுமாம். அடிச்சா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடுமாம். ஆச்சி போட்டோ முழுக்க அதுலதான் அத்தை இருக்கு."

ஆச்சி என்றால் என் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவர் முறத்தில் அரிசி புடைக்கும் படம், பேத்திக்குத் தலை பின்னிவிடும் படம், எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான். வேறெங்கும் நகல் இல்லை.

"அழாதே கண்ணு. நான் வர்ற வரைக்கும் யாரும் அதை ஆன் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: என் சாவிக்கொத்து. அதில் வீட்டுச் சாவி, வண்டிச் சாவியோடு விரல் நுனி அளவில் ஒரு பென்டிரைவும் தொங்குகிறது. பல வருடமாக அது என்னோடுதான் இருக்கிறது. அந்தச் சின்னப் பொருள் என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பொத்தானை அழுத்தியதும் நடக்கும் தொடர் ஓட்டம்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். அந்தக் கம்ப்யூட்டர் சாகவில்லை. விசிறி சுற்றியது, கீபோர்டில் விளக்கு எரிந்தது, திரையில் எழுத்து வந்தது. கருவி நன்றாகத்தான் இருந்தது. அதை நடத்தும் இயங்குதளம்தான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. சாவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மாதிரி இது.

இயங்குதளம் எப்படி எழுகிறது? பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரேம் எனும் தற்காலிக நினைவகம் அப்போது வெறுமையாக இருக்கும். மின்சாரம் நின்றால் அதில் எதுவும் தங்காது. இயங்குதளமோ ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. அதை எடுத்து ரேமில் வைத்தால்தான் பிராசசரால் அதை இயக்க முடியும். எடுத்து வைக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் டிஸ்கில்தான் இருக்கிறது! அப்படியானால் அதை யார் எடுத்து வைப்பது?

இந்தச் சிக்கலுக்கு 1950-களிலேயே கணிப்பொறிக்காரர்கள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பூட்ஸின் பின்பக்கத்தில், காலை நுழைக்கும்போது பிடித்து இழுக்க ஒரு வார் இருக்கும். அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். தன் காலில் இருக்கும் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்க யாராலும் முடியாது. கம்ப்யூட்டரோ தினமும் காலையில் அப்படித்தான் எழ வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் சுருங்கித்தான் 'பூட்' ஆனது. 'கம்ப்யூட்டர் பூட் ஆகுது' என்று நாம் சொல்வதற்குள் ஒரு ஜோடி காலணி ஒளிந்திருக்கிறது.

நடக்காத காரியம் எப்படி நடக்கிறது? மதர்போர்டில் ஒரு சிறிய சிப் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. பொத்தானை அழுத்தியதும் பிராசசர் முதலில் இந்தச் சிப்பில் உள்ள நிரலைத்தான் படிக்கும். எந்த முகவரியிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பது பிராசசர் தயாராகும்போதே அதற்குள் அமைந்துவிடுகிறது. பழைய கம்ப்யூட்டர்களில் இந்த நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கம்ப்யூட்டர்களில் யு.இ.எஃப்.ஐ.

அதன்பின் நடப்பதெல்லாம் பள்ளி விளையாட்டு விழாவில் நீங்கள் ஓடும் தொடர் ஓட்டம்தான். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கட்டை மாறுகிறது. சிப்பில் உள்ள நிரல் ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு டிஸ்கில் இருக்கும் 'பூட் லோடர்' என்ற சிறிய நிரலைத் தேடிக் கட்டையைக் கொடுக்கும். பூட் லோடர் இயங்குதளத்தின் கருவான கெர்னலை ரேமில் ஏற்றும். கெர்னல் டிஸ்கைத் திறந்து, மற்ற நிரல்களை ஒவ்வொன்றாக எழுப்பும். கடைசியில்தான் உங்கள் திரையில் படம் வரும்.

பழைய முறையில் பூட் லோடரின் முதல் துண்டு, டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் இருந்தாக வேண்டும். அதிலும் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். எவ்வளவு சிறியது தெரியுமா? இன்று பரவலாக உள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் 'அ' என்ற ஓர் எழுத்தைச் சேமிக்கவே 3 பைட் வேண்டும். 446 பைட்டில் 148 'அ' எழுதலாம், அவ்வளவுதான். அந்த இத்தனூண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நிரல் மாபெரும் இயங்குதளத்தை எழுப்பும் வேலையைத் தொடங்கிவைத்தது!

தொடர் ஓட்டத்தில் ஒருவர் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்? அவருக்குப் பின்னால் ஓட வேண்டிய யாருக்கும் கட்டை போய்ச் சேராது. என் அண்ணன் வீட்டில் நடந்தது அதுதான். கெர்னல் வரைக்கும் கட்டை வந்துவிட்டது. டிஸ்கைத் திறக்கும் இடத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. திரையில் வந்த ஆங்கில வரியின் பொருள் இது: கோப்பு முறைமையில் எதிர்பாராத முரண்பாடு, எஃப்.எஸ்.சி.கே. என்ற நிரலை நீங்களே ஓட்டுங்கள்.

பாயும் படுத்தவரும்

"சரி அத்தை, அதுவே சொல்லுதே, இந்த நிரலை ஓட்டுன்னு. அப்புறம் எதுக்கு பென்டிரைவ்?" என்று கேட்டாள் அவள். நல்ல கேள்வி.

"ராத்திரி ஆச்சி பாயில படுத்திருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பாயில மண்ணு இருக்குன்னா என்ன பண்ணுவாங்க?"

"எழுந்து உதறுவாங்க."

"எழுந்துக்காம உதற முடியாதா?"

சிரித்துவிட்டாள். "படுத்திருக்கிற பாயை எப்படி அத்தை உதற முடியும்?"

நண்பர்களே, இந்த விஷயத்தின் மையமே இதுதான். இயங்குதளம் எழுந்தபின் டிஸ்க் மேல்தான் படுத்திருக்கிறது. ஒவ்வொரு நொடியும் அங்கே எதையாவது படிக்கிறது, எதையாவது எழுதுகிறது. அதே நேரத்தில் அந்த டிஸ்கில் எது எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை இன்னொரு நிரல் திருத்தினால் என்னவாகும்? ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும். பழுது பார்க்கப் போய்ப் பெரிய பழுதாகிவிடும். அதனால் எழுதுவதற்காகத் திறந்திருக்கும் டிஸ்கில் எஃப்.எஸ்.சி.கே. ஓட்டக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

படுத்தவர் எழுந்து வேறு இடத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் பாயை உதறலாம். கம்ப்யூட்டருக்கு அந்த வேறு இடத்தைக் கொடுப்பதுதான் மீட்பு பென்டிரைவ்.

விரல் நுனியில் ஒரு முழு இயங்குதளம்

என் பென்டிரைவில் இருப்பது படமோ பாட்டோ அல்ல. ஒரு முழு லினக்ஸ் இயங்குதளம். தனக்கென ஒரு பூட் லோடர், தனக்கென ஒரு கெர்னல், பழுது பார்க்கும் நிரல்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 

மதர்போர்டு சிப்பில் ஒரு வரிசைப் பட்டியல் உண்டு. முதலில் எந்தக் கருவியில் பூட் லோடரைத் தேடுவது, அங்கே இல்லாவிட்டால் அடுத்து எங்கே தேடுவது என்ற பட்டியல். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலீட் போன்ற ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அந்தப் பட்டியல் திரைக்கு வரும். எந்த விசை என்பது கம்ப்யூட்டரைச் செய்தவரைப் பொறுத்தது. அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஃப்12. பென்டிரைவைச் செருகி, அண்ணன் மகளையே தட்டச் சொன்னேன். பட்டியலில் பென்டிரைவின் பெயர் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஒரு நிமிடத்தில் நீல நிறப் பின்னணியோடு ஒரு புதிய திரை வந்து நின்றது. செத்துப்போனது என்று அவள் நினைத்த அதே கம்ப்யூட்டர்! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதில் நடந்தது என்ன? சிப்பில் உள்ள நிரல் இம்முறை கட்டையை டிஸ்கிடம் கொடுக்கவில்லை, பென்டிரைவிடம் கொடுத்தது. பென்டிரைவில் இயங்குதளம் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். துணியை அழுத்தி மடித்துப் பெட்டியில் அடைப்போமே, அந்த மாதிரி. எந்தப் பகுதி தேவையோ அதை மட்டும் விரித்து ரேமுக்குக் கொண்டுவரும். புதிதாக எழுத வேண்டியதையும் ரேமிலேயே எழுதிக்கொள்ளும். உள்ளே இருக்கும் டிஸ்கை, நாம் கேட்காமல் தொடாது. அணைத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினால், அது வந்துபோன தடமே டிஸ்கில் இருக்காது. இப்படி இயங்குவதற்கு 'லைவ்' முறை என்று பெயர்.

'சி' டிரைவுக்கு முன்னால் இருந்தவர்கள்

இந்தப் பழக்கம் பென்டிரைவோடு பிறந்ததல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிஸ்கின் பெயர் 'சி' என்று பார்த்திருப்பீர்கள். 'ஏ'யும் 'பி'யும் எங்கே போயின? 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யில் ஃபிளாப்பி எனும் மெல்லிய காந்தத் தட்டுகள்தான் இருந்தன. 'ஏ', 'பி' இரண்டும் அவற்றுக்கான பெயர்கள். ஹார்டு டிஸ்க் பின்னால் வந்ததால் அதற்கு 'சி' கிடைத்தது. ஹார்டு டிஸ்க் வந்த பிறகும் அந்தக் கம்ப்யூட்டர்கள் முதலில் 'ஏ'யில்தான் தேடும். அங்கே ஒரு ஃபிளாப்பி இருந்தால் அதிலிருந்து எழும். டிஸ்க் பழுதானால் காப்பாற்ற ஒரு ஃபிளாப்பியை மேசை இழுப்பறையில் வைத்திருப்பது அன்றைய வழக்கம்.

1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை எழுதி வெளியிட்டார். அதை ஆரம்பத்தில் முயன்று பார்த்தவர்கள் 2 ஃபிளாப்பிகள் வைத்திருந்தார்கள். ஒன்று 'பூட்', இன்னொன்று 'ரூட்'. முதலாவது கெர்னலை எழுப்பும்; இரண்டாவது அதற்கு வேண்டிய கோப்புகளைக் கொடுக்கும். ஒரு ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. இன்று நீங்கள் போனில் எடுக்கும் ஒரு படம்கூடப் பெரும்பாலும் அதைவிடப் பெரியது!

அடுத்து சி.டி. வந்தது. சி.டி.யிலிருந்து கம்ப்யூட்டர் எழுவதற்கான முறையை ஐ.பி.எம்.மும் ஃபீனிக்ஸ் நிறுவனமும் 1995-ல் அறிவித்தன. அதன் பெயர் எல் டொரிட்டோ. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஓர் உணவகத்தின் பெயர் அது. அங்கே சாப்பிட்டுக்கொண்டே பேசியபோதுதான் இந்தத் திட்டம் பிறந்தது என்று சொல்வார்கள்.

2000-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நோப்பர் என்ற பொறியாளர் நாபிக்ஸ் என்ற லைவ் சி.டி.யை வெளியிட்டார். 700 எம்.பி. கொள்ளும் சி.டி.க்குள் சுமார் 2 ஜி.பி. அளவு நிரல்களைச் சுருக்கி அடைத்திருந்தார். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அதன் கருவிகளைத் தானே அடையாளம் கண்டுகொண்டு எழுந்துவிடும். பழுது பார்ப்பவர்களின் பைகளில் அந்தச் சி.டி. நிரந்தர இடம் பிடித்தது. அதே 2000-ல்தான் பென்டிரைவும் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்தவற்றின் கொள்ளளவு 8 எம்.பி. இன்று அதைப் போல ஆயிரம் மடங்கு கொள்வதே சின்ன பென்டிரைவ் என்றாகிவிட்டது.

நம் ஊரிலும் இப்படி ஓர் இயங்குதளம் உருவானது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. அதில் தமிழும் மற்ற இந்திய மொழிகளும் உண்டு.

முதலில் நகல், பிறகு பழுது

"இப்ப சரி பண்ணிடலாமா அத்தை?" என்று அவசரப்பட்டாள்.

"இல்ல கண்ணு. முதல்ல ஆச்சியை வெளியே கூட்டிட்டு வந்துடுவோம்."

பழுது பார்ப்பவர்கள் மறக்கக்கூடாத முதல் பாடம் இது. டிஸ்கில் எதையும் மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதை வெளியே நகலெடுத்துவிட வேண்டும். முதலில் டிஸ்கருகே காது வைத்துக் கேட்டோம். சுழலும் தட்டு உள்ள டிஸ்கில் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் அதன் உறுப்பே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எதையும் ஓட்டாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பில் தேர்ந்தவர்களிடம் கொண்டுபோக வேண்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. டிஸ்கை 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்தோம். அப்படித் திறந்தால் நாம் தவறிப்போய்க்கூட எந்தக் கோப்பையும் மாற்ற முடியாது. இன்னொரு டிஸ்கைச் செருகிப் படங்களை நகலெடுத்தோம். நகலெடுத்து முடிக்க 40 நிமிடம் ஆனது. முறத்தோடு ஆச்சி திரையில் வந்தபோது அண்ணனும் வந்து பின்னால் நின்றுகொண்டார்.

அதன் பிறகு டிஸ்கை மூடிவிட்டு, எஃப்.எஸ்.சி.கே. நிரலை ஓட்டினோம். அது என்ன செய்கிறது என்று பார்க்க நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரிகளில் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. நூலகர் ஒரு புத்தகத்தை எடுத்து வேறு அலமாரியில் வைக்கிறார். பதிவேட்டில் எழுதப் போகும்போது விளக்கு அணைந்துவிடுகிறது. இப்போது பதிவேடு ஒன்று சொல்கிறது, அலமாரி வேறொன்று சொல்கிறது. இதுதான் திரையில் வந்த 'முரண்பாடு'. இந்த ஆபத்துக்காகவே, செய்யப்போவதை முன்கூட்டியே தனி ஏட்டில் எழுதிவைக்கும் ஜர்னல் என்ற ஏற்பாடு இன்றைய கோப்பு முறைமைகளில் உண்டு. பெரும்பாலான மின்வெட்டுகளை அதுவே சமாளித்துவிடும். எல்லாவற்றையும் அல்ல.

லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமையில் எஃப்.எஸ்.சி.கே. 5 சுற்று வரும். முதல் சுற்றில் ஒவ்வொரு கோப்பின் பதிவையும், அது எந்தெந்த இடங்களைப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்க்கும். 2-வது சுற்றில் ஃபோல்டர்களின் உள்ளடக்கம். 3-வதில் எல்லா ஃபோல்டர்களுக்கும் வழி இருக்கிறதா என்று பார்க்கும். 4-வதில் ஒரு கோப்பைச் சுட்டும் பெயர்கள் எத்தனை என்று எண்ணும். 5-வதில் காலியிடக் கணக்கு.

இந்தச் சோதனையில் பெயர் இழந்து, யாருடையது என்றே தெரியாத கோப்புகள் கிடைத்தால் அவற்றைத் தூக்கி எறியாது. 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் ஓர் எண்ணைக் கொடுத்து உட்கார வைக்கும். திருவிழாவில் தொலைந்த குழந்தைகளை ஒலிபெருக்கிப் பந்தலில் உட்கார வைப்பார்களே, அப்படி. எங்களுக்கு அங்கே 3 கோப்புகள் கிடைத்தன. இரண்டு, தேவையில்லாத தற்காலிகக் கோப்புகள். மூன்றாவது அவள் பாதியில் விட்ட அறிவியல் கட்டுரை!

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தோம். அதன் பழைய இயங்குதளம் தானே எழுந்து நின்றது.

இதேபோலப் பூட் லோடர் அழிந்துபோனால் அதை மறுபடி நிறுவலாம். டிஸ்கைப் பகுத்து வைத்திருக்கும் பிரிவுகளைத் தவறி அழித்துவிட்டால், டெஸ்ட்டிஸ்க் போன்ற நிரலால் தேடிப் பார்க்கலாம். ரேமில் பழுதா என்று மெம்டெஸ்ட் நிரலால் சோதிக்கலாம். டிஸ்கை வடிவமைத்தவர்களும் நமக்கு உதவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்கில், பிரிவுகளின் அட்டவணை தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக 2 இடங்களில் எழுதப்பட்டிருக்கும். முன்னால் இருப்பது கெட்டால் பின்னால் இருப்பதைக் கொண்டு சரிசெய்யலாம்.

ஒரே நாளில் 85 லட்சம்

ஒரு கம்ப்யூட்டர் எழாவிட்டால் ஒரு வீடு கலங்குகிறது. உலகெங்கும் ஒரே நேரத்தில் எழாவிட்டால்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் நிரல் ஒன்றைத் தருகிறது. அன்று இந்திய நேரப்படி காலை 9.39-க்கு அதற்கு ஒரு சிறிய கோப்பை இணையம் வழியாக அனுப்பியது. அதில் ஒரு கணக்கு பிசகிவிட்டது. நிரல் 21-வது இடத்தில் இருப்பதைப் படிக்கப் போனது. கொடுக்கப்பட்டிருந்ததோ 20 மட்டும். இல்லாத இடத்தைப் படிக்கப் போனதும் விண்டோஸ் நின்றது. அந்த நிரல் பூட் ஆகும்போதே எழும் வகையைச் சேர்ந்தது. அதனால் மறுபடி ஆன் செய்தாலும் அதே இடத்தில் நின்றது. நீலத் திரை, மறுபடி தொடக்கம், மறுபடி நீலத் திரை.

தவறான கோப்பை அந்த நிறுவனம் 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் அதை வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் ரத்தாயின. மருத்துவமனைகளும் வங்கிகளும் திணறின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மருந்து தயார். இணையம் வழியாக அனுப்பவும் தயார். ஆனால் அதை வாங்கிக்கொள்ள கம்ப்யூட்டர் எழுந்திருக்க வேண்டுமே! எழ முடியாத பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் முன்னால் ஒரு மனிதர் போய் நிற்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு முறையில் எழுப்பியோ, மீட்பு பென்டிரைவிலிருந்து எழுப்பியோ, 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பைக் கண்டுபிடித்து அழித்தார்கள். மைக்ரோசாஃப்டே இதற்கென ஒரு பென்டிரைவ் கருவியை வெளியிட்டது. உலகையே இணைக்கும் வலை இருந்தும், அன்று கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றியது மனிதர்கள் கையில் எடுத்துப்போன சிறு துண்டுகள்.

பூட்டும் சாவியும்

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பென்டிரைவிலிருந்து எழுப்பினால் பாஸ்வேர்டே கேட்காமல் டிஸ்கைப் படிக்கலாம் என்றால், திருடனும் படிக்கலாமே?

படிக்கலாம். அதனால்தான் இன்று பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கிப் பூட்டிவைக்கிறார்கள். அப்போது பென்டிரைவிலிருந்து பார்த்தாலும் புரியாத எண்களாகத்தான் தெரியும். திறக்க மீட்புச் சாவி வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கரில் அது 48 இலக்க எண். ஜூலை 19-க்குப் பிறகு, அந்த எண் எங்கே எழுதிவைக்கப்பட்டது என்று தெரியாமல் திண்டாடியவர்கள் பலர். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு சாவி இருக்கிறதா என்று இன்றே பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீட்பு பென்டிரைவ் ஒரு டாக்டரின் கத்தி மாதிரி. உரியவர் கேட்டுக்கொண்டால்தான் கையில் எடுக்க வேண்டும். பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ அனுமதி இல்லாமல் செருகுவது தவறு.

செய்து பாருங்கள்

வீட்டில் ஒரு பெரியவரை உட்கார வைத்துக்கொண்டு நீங்களே ஒரு மீட்பு பென்டிரைவ் செய்யலாம்.

1. 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் கொள்ளும் பென்டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.

2. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஏதாவது ஒரு லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இவை இலவசம்.

3. அந்தத் தளத்தில் ஷா-256 என்ற 64 எழுத்துக் கைரேகை கொடுத்திருப்பார்கள். நீங்கள் இறக்கிய கோப்பின் கைரேகையும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.

4. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற நிரலால் பென்டிரைவில் எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சும்மா இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் அதிலிருந்து எழாது. பூட் லோடர் அதற்குரிய இடத்தில் உட்கார வேண்டும்.

5. எழுதி முடித்தபின் பென்டிரைவைத் திறந்து பாருங்கள். 'இ.எஃப்.ஐ.' என்ற ஃபோல்டரும் அதற்குள் 'பூட்' என்ற ஃபோல்டரும் தெரியும். யு.இ.எஃப்.ஐ. தேடி வரும் கதவு அதுதான்.

6. கம்ப்யூட்டரை அதிலிருந்து எழுப்பி 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'நிறுவு' என்பதைத் தொடவே வேண்டாம். அது டிஸ்கில் எழுதிவிடும்.

இதையெல்லாம் எப்போது செய்வது? கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போது. கிணற்றில் விழுந்த பிறகு கயிறு திரிக்க முடியாது. எழ முடியாத கம்ப்யூட்டரால் தனக்கான பென்டிரைவைத் தானே செய்துகொள்ள முடியாது.

அன்று சாயங்காலமே அண்ணன் மகள் தனக்கென ஒன்று செய்தாள். நான் கை வைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் அதில் ஒரு துண்டு காகிதத்தை ஒட்டினாள். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அத்தை, இந்த பென்டிரைவே கெட்டுப்போச்சுன்னா?"

காலையிலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. பதிலை நான் சொல்லவில்லை. ஜி.பி.டி. அட்டவணையை எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

அவள் குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு, பென்டிரைவைச் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள். போய்ப் பார்த்தேன். 'மீட்பு - 1' என்று எழுதியிருந்தது. இன்னொரு பென்டிரைவுக்காக அண்ணனின் சட்டைப்பையைத் தேடி அவள் அதற்குள் ஓடிவிட்டாள்.